கருவேலஞ் சந்து

அன்னக்கொடியை ஊருக்கு அனுப்பக் கூடாது என்று சிவனாண்டி முடிவெடுத்துவிட்டான்.

முடிவெடுப்பதில் அவன் கெட்டிக்காரன். பி.ஏ. சரித்திரம் படித்தவன். எந்த ராஜா எந்தச் சண்டைக்கு முந்தின நாள் என்ன முடிவெடுத்தான், எப்படித் தோற்றான் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். எடுத்த முடிவை அன்னக்கொடியிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அதற்குத்தான் விடிந்ததிலிருந்து தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தான்.

அவள் படகின் பின்பக்கம் குத்தவைத்துப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ அன்னம்."

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. காத்து கொஞ்சம் கூடுன மாதிரி இருக்குல்ல?"

"இல்லையே."

"சரி."

முதல் சுற்றுப் பேச்சுவார்த்தை இப்படி முடிந்தது.

படகில் உட்கார்ந்து ஏன் பாத்திரம் துலக்க வேண்டும் என்று கேட்கலாம். படகுதான் அவர்கள் வீடு. எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் பெய்த மழையில், வறண்டே பழகிப்போன பேரையூர்ப் பக்கத்துப் பெருங்கண்மாய் கரை தளும்ப நிரம்பியது. மீன் குத்தகை எடுத்தவர் விருமாண்டி. திருட்டு வலைக்காரர்களுக்குப் பயந்து, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி லாரியில் ஏற்றிவிட்டார். அது மதுரைக்குள் வந்தபோது சிம்மக்கல்லில் ஜனங்கள் கடையை விட்டு இறங்கி நின்று பார்த்தார்கள். ஒரு கிழவி கடல் எங்கே என்று லாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாளாம்.

படகுக்குத் தகரக் கூரை போட்டு, நடுக்கண்மாயிலேயே குடியிருந்து காவல் காக்க ஆள் தேடினார் விருமாண்டி. எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் இன்டர்வியூ கார்டுக்குக் காத்திருந்த சிவனாண்டி அகப்பட்டான். காவக்காரன் என்றால் படித்த பையன் முகம் சுளிப்பான் என்று 'மேற்பார்வையாளர்' என்று பட்டம் கொடுத்தார். மேலே இருந்து தண்ணீரைப் பார்க்கிற வேலை, ஆகவே மேற்பார்வை. சிவனாண்டி அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டான். அவன் குடும்பத்தில் அவனுக்கு முன்னால் யாரும் எதையும் பார்வையிட்டதில்லை. மாட்டைத் தவிர.

கல்யாணமான கையோடு அன்னக்கொடியும் சீர்ப் பாத்திரங்களோடு படகில் ஏறினாள். பிறந்த வீட்டில் அவளோடு பந்தியில் உட்காருகிறவர்கள் மட்டும் ஒரு டஜன் பேர். இங்கே பேச்சுத் துணைக்குக் கூரைமேல் வந்து சிறகு காயவைக்கும் ஒரு நீர்க்காகம் உண்டு. அதுவும் வாய் திறக்காது. அவள் வீட்டாருக்கு வேறொரு சங்கடம். ஊரில் யாராவது மாப்பிள்ளை எங்கே என்று விசாரித்தால், "தண்ணியில இருக்காரு" என்று சொல்ல வேண்டியிருந்தது.

விருமாண்டி எல்லாம் வாங்கினார், நங்கூரம் வாங்க மறந்துவிட்டார். சீராக வந்த அம்மிக்கல்லைக் கயிற்றில் கட்டிச் சிவனாண்டி தண்ணீரில் போட்டான். படகு நின்றது. ஆனால் மத்தியானம் குழம்புக்கு அரைக்க அம்மி வேண்டும். அம்மியைத் தூக்கினால் வீடு நகரும்.

"மசால் நைசா வேணுமா, கரகரப்பா போதுமா?" என்று அவள் கேட்பாள்.

"ஏன்?"

"நைசா வேணும்னா வீடு மேற்க போயிரும்."

சிவனாண்டி பலநாள் கரகரப்பான குழம்பையே சாப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் அம்மியைச் சேற்றிலிருந்து இழுத்துத் தரச் சொல்லி அவள் நச்சரித்ததும் உண்டு. போகப் போக, அவன் பரிசலில் வலை பார்க்கப் போன பிறகு அவளே தூக்கி அரைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். குழம்பு நைசாயிற்று. வீடும் வைத்த இடத்தில் இருந்தது. அவனும் மேலே ஒன்றும் விசாரிக்கவில்லை.

நடுக்கண்மாயிலிருந்து கரைக்குப் போக ஒரே வழிதான். கண்மாய்க்குள் சர்க்கார் நட்ட கருவேலமரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. முள் தலைகள் மட்டும் வெளியே. கோடையில் வண்டல் அள்ளப் போன மாட்டுவண்டிகளின் தடம் அந்தக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போனது. அந்தத் தடத்தில் மரம் கிடையாது. அதன் மேலேயேதான் படகு போக வேண்டும். ஒரு முழம் தப்பினால் பாய் கிழியும், இரண்டு முழம் தப்பினால் அடிப்பலகை பாறையில் உரசும். மதுரையில் படித்த காலத்தை நினைத்துச் சிவனாண்டி அந்த வளைவுகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தான். அகலமான இடம் டவுன்ஹால் ரோடு. அடுத்தது எழுகடல் தெரு. கடைசியில் மடைக்குப் பக்கத்தில், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு போக வேண்டிய ஒரு சந்து. அதற்குப் பெயர் வைக்க அவனுக்கு ஒருநாளும் நிதானம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பிடிபட்ட மீனோடு படகைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆரம்பத்தில் அவன் இடிக்காத மரம் இல்லை. ஒரு மரத்தை விலக்கினால் அதன் தம்பி மரம் வந்து இடித்தது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, தப்பித்தவறி ஒரு வளைவை ஒழுங்காகத் தாண்டியபோது அன்னக்கொடி கையைக் காட்டினாள்.

"நிப்பாட்டுங்க. இந்த மரத்துல ஒரு துணி கட்டணும்."

"இதென்ன புதுசா?"

"மடைக்கருப்பு சாமிக்கு நேர்ந்திருக்கேன். உங்களுக்குச் சர்க்கார் வேலை கெடைக்கணும்னு."

சிவனாண்டி அவசர அவசரமாகப் பாயை இறக்கிப் படகை நிறுத்தினான். அவளைப் பெண் பார்க்கப் போன அன்றுகூட அவன் இவ்வளவு அவசரம் காட்டவில்லை. மஞ்சளில் நனைத்த துணியை அவள் கொப்பில் கட்டினாள். அடுத்த வெள்ளி அடுத்த வளைவில் ஒன்று. துணி தீர்ந்துபோனபோது தன் பழைய வேட்டியை அவனே கிழித்துக் கொடுத்தான்.

அன்றிலிருந்து கருப்பு துணைக்கு வந்துவிட்டது என்று அவன் நம்பினான். துணியைக் கண்டதும் வேகத்தைக் குறைப்பான். கன்னத்தில் போட்டுக்கொள்வான். சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பதால் துணி இருக்கிற பக்கமாகவே படகைத் திருப்புவான். என்ன அதிசயம், படகு ஒரு மரத்திலும் இடிக்கவில்லை! "கருப்பு கையப் புடிச்சுக் கூட்டிப் போகுது அன்னம்" என்று உருகுவான். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். பக்தியில் அழுகிறாள் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன வெள்ளிக்கிழமை கரையில் காளை நின்றிருந்தான். காளை அன்னக்கொடியின் அண்ணன். கையில் வெற்றிலை பாக்குப் பை.

"மாப்ள, வார புதன் நம்ம சின்னவ மகளுக்குக் காதுகுத்து. தங்கச்சிய முன்னக்கூட்டியே அனுப்பிவிடுங்க. கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்."

"கொஞ்ச நாள்னா?"

"கொஞ்ச நாள்தான் மாப்ள."

"பாப்போம் மச்சான்."

'கொஞ்ச நாள்' என்பது அளக்க முடியாத அளவு. சிவனாண்டிக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. குத்தகை முடிகிறவரை அவன் கண்மாயை விட்டு நகர முடியாது. அவள் போய்விட்டால் அவனும் நீர்க்காகமும்தான்.

அவனுக்குத் தனிமை தெரியாத சமாசாரமல்ல. மதுரையில் காலேஜ் படித்த வருஷங்கள் பூராவும் ஒரு மாடி அறையில் தனியாகத்தான் கிடந்தான். மெஸ்ஸில் அவனுக்கு எதிர் நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும், அல்லது பேப்பருக்குப் பின்னால் யாராவது இருப்பார்கள். வகுப்பில் கேள்வி கேட்கப் பயம். ஊருக்குப் போனால் படித்தவன் என்று தள்ளி உட்காருவார்கள். மதுரைக்குப் போனால் பட்டிக்காட்டான் என்று தள்ளி உட்காருவார்கள். தன் குரலைக் கேட்க வேண்டுமென்றே சில சாயங்காலங்களில் பாடத்தை உரக்கப் படித்திருக்கிறான். அவன் வாழ்க்கையில் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, "அம்புட்டுத்தானா, இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கங்க" என்று அதட்டிய முதல் ஆள் அன்னக்கொடி.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போனால் தேடும், மனசு ஏங்கும் என்று ஓர் ஆண்பிள்ளை வாய்விட்டுச் சொல்வதாவது! சரித்திரத்தில் எந்த ராஜாவும் சொன்னதாக அவன் படிக்கவில்லை. ஆகவே சரித்திர நாயகர்கள் வழக்கமாகச் செய்கிற காரியத்தை அவனும் செய்தான். பொய் சொன்னான்.

இரண்டாம் சுற்றுப் பேச்சுவார்த்தை பாத்திரமெல்லாம் கவிழ்த்த பிறகு தொடங்கியது.

"சந்து அடைஞ்சு போச்சு அன்னம்."

"எந்தச் சந்து?"

"கருவேலங்காட்டுல, மடைக்குப் பக்கத்துச் சந்துதான். மடையத் தொறந்துட்டாங்கல்ல, தண்ணி எறங்குது. முள்ளு பூராம் மேல வந்துருச்சு. இனிமே படகு நுழையாது. அடுத்த மழைக்குத்தான்."

"பரிசல் நுழையுதே?"

"பரிசல் வேற, படகு வேற."

"என்ன வேற?"

"பரிசல் வட்டம். வட்டமா இருக்கறது எதுலயும் நுழைஞ்சுரும். அதெல்லாம் கணக்கு, உனக்குப் புரியாது."

"அப்ப பரிசல்லயே கொண்டுபோயி விட்ருங்க."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை.

"பரிசல் ரெண்டு ஆள் தாங்காது."

"அரிசி மூட்டை தாங்குச்சே?"

"அரிசி மூட்டை ஆடாம இருக்கும். நீ ஆடுவ."

"நானும் ஆடாம இருக்கேன்."

"அரிசி மூட்டை பேசாது அன்னம். நீ பேசுவ. பேசுனா ஆடும்."

அன்னக்கொடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்றாள்.

சரி என்றுவிட்டாள்! அழவில்லை, சண்டை போடவில்லை. சிவனாண்டி தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை. சரித்திரம் படித்தவன் இந்த இடத்தில்தான் உஷாராகியிருக்க வேண்டும்.

பொய்க்குச் சாட்சியும் வேண்டும் அல்லவா? மறுநாள் பரிசலில் போய், ஒரு கருவேலங்கொப்பை எடுத்துத் தன் முன்னங்கையில் தானே கீறிக்கொண்டு வந்தான். கொஞ்சமாகக் கீற நினைத்தது. கருவேலமுள் அவ்வளவு கணக்குப் பார்க்காது. ரத்தம் வழிந்தது.

"பாத்தியா? பரிசலுக்கே இந்தக் கதி. படகு போனா என்னாகும்?"

அன்னக்கொடி பதறிப்போய் விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டாள். ஊதி ஊதிப் போட்டாள். அவனுக்கு எரிந்தது. கை எரிந்தது ஒரு பங்கு என்றால், மனசு எரிந்தது மூன்று பங்கு.

"வலிக்குதா?"

"இல்ல."

"இம்புட்டு ஆழமா எப்படிக் கீறுச்சு? யாரோ வேணும்னே போட்ட கோடு மாதிரி நேரா இருக்கு."

"முள்ளு நேராத்தான இருக்கும்" என்றான் சிவனாண்டி.

செவ்வாய்க்கிழமை. உபரித் தண்ணீர் வழிகிற கலுங்குப் பக்கம் வலை பார்த்துவிட்டு மத்தியானம் பசியோடு பரிசலைத் திருப்பினான். நாளைக்குக் காதுகுத்து. இன்றைக்குப் பொழுதைத் தாண்டிவிட்டால் போதும், வீடு தப்பிவிடும் என்று நினைத்துக்கொண்டே துடுப்புப் போட்டான். நடுக்கண்மாய்க்கு வந்து நிமிர்ந்தான்.

வீட்டைக் காணவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். தண்ணீர்தான் இருந்தது. பரிசலில் ஒரு சுற்றுச் சுற்றினான். வெங்காயத் தோல் நாலைந்து மிதந்தது. உட்காரக் கூரை இல்லாமல் நீர்க்காகம் அவன் தலைக்குமேல் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன பெண்டாட்டிகளை அவன் கேள்விப்பட்டிருக்கிறான். வீட்டையும் கூட்டிக்கொண்டு போனவளை இப்போதுதான் பார்க்கிறான்.

"அன்னம்!" என்று கத்தினான். கண்மாய் அதைக் கரைவரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து அவனிடமே கொடுத்தது. முழுகியிருக்குமோ? அவளுக்கு நீந்தத் தெரியுமா? இத்தனை நாளில் அதைக்கூட அவன் கேட்டதில்லை. பரிசல் வட்டமானது என்பதால் பயந்த கைக்கு அது சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. தட்டாமாலை சுற்றிக்கொண்டே டவுன்ஹால் ரோட்டுக்குள் நுழைந்தான்.

முதல் மஞ்சள் துணி தெரிந்தது. பழக்கத்தில் கை கன்னத்துக்குப் போனது. போன கை அப்படியே நின்றது.

துணி இடப்பக்கம் இருந்தது. தடம் இடப்பக்கம் வளைந்தது. அடுத்த துணி வலப்பக்கம், தடமும் வலப்பக்கம். பாறை இருக்கிற இடத்தில் மட்டும் இரண்டு துணி. இரண்டும் அவன் வேட்டிக் கரை. கண்ட மரத்தில் கட்டியதாக அவன் நினைத்த நேர்ச்சையில், தேவையில்லாத மரம் ஒன்றுகூட இல்லை. இத்தனை வெள்ளிக்கிழமையும் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது கருப்பு இல்லை.

பெயரில்லாத சந்தைத் தாண்டி வெளியே வந்தான். மடைக்குப் பக்கத்தில் அவன் வீடு நின்றது. ஒரு கீறல் இல்லை. பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. அம்மிக்கல் தண்ணீரில் இறங்கியிருந்தது.

கரைமேல் ரோட்டோரம் ராமக்காள் டீக்கடை. அதன் பெஞ்சில், மடியில் பையோடு அன்னக்கொடி உட்கார்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் சிவனாண்டிக்குப் போன உயிர் வந்தது. வந்த உயிர் கோபத்தோடு வந்தது.

"ஏ! உனக்கு அறிவிருக்கா?"

"வந்துட்டீங்களா? படகுல சோறு மூடி வெச்சிருக்கேன். கொழம்பு நல்லா நைசா அரைச்சது."

"கொழம்பா முக்கியம்? படக ஓட்ட எங்க கத்துக்கிட்ட?"

"தெனம் நீங்க போனப்பறம் அம்மியத் தூக்குறேன்ல? வீடு மேற்க போகும். நீங்க வாரதுக்குள்ள அதத் திருப்பி, பழைய எடத்துலயே கொண்டாந்து விடுறது யாருன்னு நெனச்சீங்க?"

சிவனாண்டி யாரென்றும் நினைத்திருக்கவில்லை.

ராமக்காள் டீ ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "ஏந்தம்பி, படகு இனிமே நுழையாதுன்னீங்களாமே? ஒங்க வீட்டுக்காரி ஒத்த முள்ளு படாம கொண்டாந்துச்சே!"

"சாமி பேரச் சொல்லி என்னைய ஏமாத்திட்டயே அன்னம்" என்றான் அவன், குரல் இறங்கி.

"சாமிக்கும் நேர்ந்தேன். வழிக்கும் ஆச்சு. நீங்க மரத்துல மரத்துல இடிக்கிறதப் பாத்துக்கிட்டு எம்புட்டு நாள் சும்மா இருக்கறது? நேராச் சொன்னா, படிச்சவரு, கேப்பீங்களா?"

அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"பஸ் போயிருச்சா?"

"ரெண்டு போயிருச்சு."

"ஏன் ஏறல?"

அவள் பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேட்டுட்டுப் போவம்னுதான். சந்து அடைஞ்சுபோச்சு, பரிசல் தாங்காது, கையக் கீறிக்கிட்டு வந்து நின்னீங்க. இம்புட்டுப் பொய் எதுக்குங்க? அனுப்ப இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லணும். எங்க வீட்டு ஆளுகளப் புடிக்கலையா?"

"அதில்ல."

"செலவாகும்னா?"

"அதுமில்ல."

"பெறகு என்ன?"

சிவனாண்டி கண்மாயைப் பார்த்தான். நடுவில் அவர்கள் வீடு இருந்த இடம் வெறுமையாக மினுங்கிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து பார்த்தால் அது இவ்வளவு தூரமா? அங்கே ஓர் ஆள் தனியாக உட்கார்ந்திருந்தால் இங்கிருந்து தெரியக்கூடத் தெரியாது.

"நீ போனா எனக்குத் தேடும்" என்றான்.

சொல்லிவிட்டான். ராமக்காள்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். அவன் காது இரண்டும் சிவந்துபோயின.

அன்னக்கொடி மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அவன் கையை எடுத்துக் கீறலை ஒருமுறை தடவினாள். அவள் கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை புடவைத் தலைப்புக்குப் பின்னால் சிரிப்பு இல்லை. அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் கை தப்பியிருக்குமே! உண்மைக்கு இருக்கிற பலத்தை எந்தப் புத்தகமும் அவனுக்குச் சரியாகச் சொல்லித் தரவில்லை.

"வா, வீட்டுக்குப் போவம்" என்று எழுந்தான்.

வளைவில் ஹாரன் கேட்டது. அன்னக்கொடியும் எழுந்தாள். ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள்.

"ஏ அன்னம்! எங்க ஏறுற?"

"காதுகுத்துக்குத்தான்."

"இப்பத்தான சொன்னேன், தேடும்னு!"

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"அதாங்க! அதச் சொல்லாம விட்டிருந்தீங்கன்னா, இந்த மனுசனுக்கு நாம இருந்தாலும் ஒண்ணு இல்லாட்டியும் ஒண்ணுன்னு அங்க போயி ஒரு வாய் சோறு எறங்காது, மறுநாளே ஓடியாந்திருப்பேன். இப்ப மனசு நெறைஞ்சு போச்சு, நிம்மதியா ஒரு மாசம் இருந்துட்டு வாரேன்."